மானுக்கு ஒரு வீடு

அக்டோபர் 4, வெள்ளி. சாண்டா ஃபே

இந்தியக் கலை ஆய்வு மையத்தின் (இங்கே 'இந்தியர்' என்றால் அமெரிக்கப் பழங்குடியினர்) பாண்ட அறையைப் பார்க்க முன்பதிவு செய்திருந்தேன். இன்று காலை போய் வந்தேன். தென்மேற்கு அமெரிக்கப் பழங்குடி மக்களின் பானைகள், நெசவுகள், நகைகள் என்று 12,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே இருக்கின்றன. இத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்டது, ஸூனி என்ற பழங்குடி ஊரிலிருந்து வந்து உடைந்துபோன ஒரு குடம். 1922-இல் நடந்த ஒரு விருந்தில் அது உடைந்துபோனதாம். மிச்சமிருக்கும் நல்ல பானைகளும் இப்படி ஒவ்வொன்றாகப் போய்விடுமே என்ற கவலையில், விருந்துக்கு வந்தவர்கள் பணம் போட்டுப் பானைகளை வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஒட்டிவைத்த அந்தக் குடத்துக்குத்தான் சேகரிப்பில் முதல் எண்.

நான் அதிக நேரம் நின்றது வேறொரு குடத்தின் முன்னால். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது. ஏறத்தாழ ஓரடி உயரம், உருண்டு திரண்ட வயிறு, குட்டைக் கழுத்து. தலையில் வைத்தால் வழுக்காமல் உட்காரும்படி அடிப்பாகம் உட்குழிந்திருக்கிறது. வெள்ளைப் பூச்சின்மேல் கரும்பழுப்பு, செம்மண் சிவப்பு என்று இரண்டே நிறங்கள். வயிற்றைச் சுற்றிப் பெரிய வட்டப் பூக்கள். பூவுக்கும் பூவுக்கும் நடுவில் மான்கள். ஒவ்வொரு மானின் தலைக்கு மேலும் சுருள்கொடிகள் இரு பக்கமிருந்தும் வளைந்து வந்து கூரையாகக் கூடுகின்றன. 'வீட்டுக்குள் மான்' என்று இந்த அமைப்பைச் சொல்கிறார்கள். மான்களுக்கு இடையே ஒரு பட்டையில் சின்னச் சின்னப் பறவைகள் வரிசையாகப் போகின்றன.

மானின் வாயிலிருந்து ஒரு சிவப்புக் கோடு புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, நெஞ்சில் அம்புமுனையாக முடிகிறது. மூச்சு போகும் பாதை அது. போய்ச் சேரும் இடம் இதயம். கரிய உடம்பில் அந்தப் பாதைக்கு மட்டும் வெள்ளையை விட்டுவைத்து, அதன் நடுவில் சிவப்பை இழுத்திருக்கிறாள் குடத்தைச் செய்தவள். ஒரு மானின் கழுத்தில், தூரிகையை எடுத்து மறுபடி வண்ணம் தொட்டு வைத்த இடம் கொஞ்சம் தடித்துத் தெரிகிறது. அந்தத் தடிப்பில் அவள் கை இருக்கிறது. பெயர்தான் இல்லை. அட்டையில் 'ஸூனி' என்று ஊர்ப்பெயர் மட்டுமே எழுதியிருக்கிறது. அந்தக் காலத்துப் பானைகள் பெரும்பாலானவற்றுக்கு இதே கதிதான். வாங்கியவர்கள் யாரிடம் வாங்கினோம் என்று எழுதிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 5, சனி. ஆல்புகெர்க்கி

ரூத் பன்செலின் 'புவெப்லோ குயவர்' புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஸூனி போன்ற பழங்குடி ஊர்களைத்தான் புவெப்லோ என்கிறார்கள். புத்தகம் 1929-இல் வந்தது. பன்செல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸின் செயலாளராக இருந்தவர். 1924 கோடையில் ஸூனிக்குப் போனார். பானைகளை அளந்து பட்டியல் போடுவதோடு நிற்காமல், பெண்களோடு உட்கார்ந்து தானும் மண்ணைப் பிசைந்தார், வரையக் கற்றுக்கொண்டார். பானையைப் பற்றிப் பானை செய்கிறவளையே கேட்பது இன்று சாதாரணமாகத் தோன்றும். அன்று அப்படிக் கேட்டவர்கள் சொற்பம்.

அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. குடத்தின்மேல் முன்கூட்டி எதையும் கிறுக்கிப் பார்ப்பதில்லை. வரையத் தொடங்கும் முன்பே முழு வடிவமும் மனத்தில் வந்துவிட வேண்டும். வரையப்போவதைப் பற்றி இரவும் பகலும் யோசிப்பதாகவும், சில வடிவங்களைக் கனவில் கண்டதாகவும் புவெப்லோ பெண்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தவளின் பானையைப் பார்த்து அப்படியே போடுவது அவர்களுக்கு மதிப்பான காரியமாக இல்லை. ஆனால் எப்படி வேண்டுமானாலும் வரைந்துவிடவும் முடியாது. ஸூனி குடத்தில் கழுத்து தனி, வயிறு தனி. கழுத்துக்கு உரியது வயிற்றுக்கு வராது. மான் எங்கே நிற்கும், பூ எங்கே விரியும், பறவை வரிசை எங்கே ஓடும் என்பதற்கெல்லாம் வழக்கம் இருக்கிறது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் இருந்தும் இரண்டு குடங்கள் ஒன்றுபோல வருவதில்லை. மரபு கையைக் கட்டிப்போடும் என்று சொல்கிறவர்களுக்கு ஸூனி குடங்களை வரிசையாக வைத்துக் காட்ட வேண்டும்.

பன்செலுக்கு முன்னால் ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங். 1879 முதல் 1884 வரை ஸூனியிலேயே வாழ்ந்தவர். 1886-இல் வெளியான அவருடைய பாண்ட ஆய்வில், குடத்தைச் சுற்றி ஓடும் கோட்டைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. கோடு முழு வட்டமாக முட்டுவதில்லை. ஓரிடத்தில் சிறிய இடைவெளி விடுவார்கள். குடமும் ஓர் உயிர். அந்த உயிர் போய்வர வழி வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பானையை முடித்து மெழுகும் நேரத்தில் பாடுவதோ சீட்டியடிப்பதோ கூடாது என்றும் எழுதுகிறார். அந்தக் குரல் மண்ணுக்குள் புகுந்துகொண்டால், சுடும்போது வெளியே வரத் துடித்துப் பானையை வெடிக்கவைத்துவிடும் என்று நம்பினார்கள்.

அக்டோபர் 8, செவ்வாய். ஆல்புகெர்க்கி

சேகரித்தவர்களைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும்.

1879-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் ஒரு குழு ஸூனிக்கு வந்தது. அவர் மனைவி மட்டில்டா காக்ஸ் ஸ்டீவன்சனும், இளைஞரான குஷிங்கும் அதில் இருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பொருள்கள் அந்த ஊரிலிருந்து வாஷிங்டனுக்குப் போயின. பெரும்பகுதி மண்பாண்டம்: தண்ணீர்க் குடம், மாவு பிசையும் சட்டி, சடங்குக் கிண்ணம், ஆந்தைப் பொம்மை. அழியும் முன் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் பாட்டியின் குடத்தைத் தினமும் பார்த்து வளர வேண்டிய பேத்தி, அது இல்லாத வீட்டில் வளர்ந்தாள்.

1881-இல் அருகிலுள்ள காலப் ஊருக்கு ரயில் வந்தது. ரயிலோடு தகர வாளியும் எனாமல் பாத்திரமும் வந்தன. வாளி உடையாது, கனமும் குறைவு. தண்ணீர் எடுக்கப் போகும் பெண் அதை எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் வெள்ளியும் நீலப்பச்சைக் கல்லும் வைத்துச் செய்யும் நகைத் தொழில் ஸூனியில் பெருகியது. இன்று உலகுக்குத் தெரிந்த ஸூனி, நகை செய்யும் ஸூனிதான். மண்ணை விட நகையில் காசு அதிகம். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பானை செய்கிறவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள்.

பானைகள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்த அதே காலத்தில்தான் பானை செய்யும் கைகள் குறைந்தன. பொருளைப் பாதுகாப்பதும் கலையைப் பாதுகாப்பதும் ஒன்றல்ல என்பதற்கு ஸூனியை விடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அக்டோபர் 11, வெள்ளி. ஸூனி

ஐ-40 நெடுஞ்சாலையில் கிராண்ட்ஸ் வரை வந்து, 53-ஆம் எண் மாநிலச் சாலையில் திரும்பினேன். கருங்குழம்பு இறுகிய எரிமலைப் பாறைவெளியைத் தாண்டியதும் எல் மோரோ குன்று. அடிவாரத்தில், பாறையை ஒட்டி ஒரு சுனை. இந்த வறண்ட நாட்டில் நம்பி வரக்கூடிய தண்ணீர் என்பதால் வழிப்போக்கர் எல்லோரும் இங்கே நின்றிருக்கிறார்கள். ஸ்பானியர் ஒன்யாதே 1605-இல் பொறித்த எழுத்து இன்னும் பாறையில் இருக்கிறது. உச்சியில் அட்சினா என்ற இடிந்த ஊர். ஸூனி மக்களின் முன்னோர் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. முந்நூறுக்கும் மேற்பட்ட அறைகள். அவ்வளவு பேருக்கும் தேவையான தண்ணீரைக் குடத்தில் சுமந்தும் தேக்கியும்தான் வாழ்ந்திருக்க வேண்டும்.

மதியம் ஸூனி வந்து சேர்ந்தேன். ஊருக்குத் தென்கிழக்கே டோவா யலன்னே மலை, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக நிமிர்ந்து நிற்கிறது. 1680-இல் புவெப்லோ மக்கள் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது ஸூனி மக்கள் அந்த மலைமேல் ஏறித் தங்கினார்கள். பானைக்கு மண் எடுத்ததும் அங்கேதான். பெண்கள் மட்டும் போவார்கள். பேசாமல் தோண்டுவார்கள் என்று மட்டில்டா ஸ்டீவன்சன் எழுதியிருக்கிறார்.

முதலில் பார்வையாளர் மையத்துக்குப் போய் அனுமதி வாங்கினேன். படம் எடுக்கத் தனி அனுமதி. சடங்குகளைப் படம் எடுக்கவே கூடாது. பிறகு ஆஷிவி ஆவன் அருங்காட்சியகம். 1992-இல் ஸூனி மக்கள் தங்களுக்காகவே தொடங்கியது. இங்கே நடந்த ஒரு பணி என்னை நெகிழவைத்தது. வெளியூர் அருங்காட்சியகப் பட்டியல்களில் ஸூனி பொருள்களைப் பற்றி யார் யாரோ எழுதிய விவரங்களை ஸூனி அறிஞர்களே ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தியிருக்கிறார்கள். சாண்டா ஃபே சேகரிப்பும் அப்படிச் சரிபார்க்கப்பட்டதுதான். எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். நூறு வருஷம் பேசப்பட்டவர்கள் தாமே பேசுகிறார்கள்.

அக்டோபர் 12, சனி. ஸூனி

பார்வையாளர் மையத்தின் மூலமாக ஏற்பாடு செய்துகொண்டு, பானை செய்யும் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அறுபதைத் தாண்டியவர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சக்கரம் கிடையாது. மண்ணைத் திரிகளாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி அமுக்கி, சுரைக்காய் ஓட்டுத் துண்டால் உள்ளும் புறமும் வழித்து மெல்லிசாக்குகிறார். மண்ணில் கலப்பதற்கு ஒரு டப்பாவில் சாம்பல் நிறத் தூள் வைத்திருந்தார். உடைந்த பானையோடுகளை இடித்த தூள். தூள் சேர்ந்தால் மண் காயும்போது அதிகம் சுருங்காது, சுடும்போது ஈரம் வெளியேற வழி கிடைக்கும், பானை வெடிக்காது. பழைய பானை புதுப் பானைக்குள் போய்விடுகிறது. ஸூனி பாண்டத்தில் இது வெகுகால வழக்கம்.

இன்று அவருக்கு வரைகிற வேலை. வெண்களிமண் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய குடம் மடியில். கறுப்பு வண்ணத்துக்கு ஒரு கரிய கல், அதை இழைக்க ஒரு குழிக்கல். காட்டில் முளைக்கும் தேனீச்செடியின் தழையை மணிக்கணக்கில் வேகவைத்து, வடிகட்டி, பாகு பதத்துக்குச் சுண்டவைத்து, மக்காச்சோள மடலில் ஊற்றிக் காயவைத்த கட்டியை எனக்குக் காட்டினார். அதில் ஒரு சிட்டிகை உடைத்து நீர் விட்டுக் கல்லோடு சேர்த்து இழைத்தார். கல் நிறத்தைத் தருகிறது. சுடும்வரை அந்த நிறத்தைப் பானையில் ஒட்டிவைப்பது செடிச்சாறு.

தூரிகை யுக்கா இலை. நீளக் கீற்றாகக் கிழித்து, நுனியை மென்று, சதையை எடுத்துவிட்டால் நார் மட்டும் மிஞ்சும். வேண்டிய அகலத்துக்கு நார்களைக் குறைத்துக்கொள்ளலாம். வண்ணத்தில் தோய்த்து, கோட்டின் மேல் நாரை நீளவாக்கில் படுக்கவைத்துத் தன் பக்கம் இழுத்தார். நுனியால் எழுதவில்லை, முழு நாரும் பானையில் படுகிறது. குடத்தை இன்னொரு கை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தது. மழைப்பறவையின் சிறகுக்குள் நெருக்கமான சாய்கோடுகள், ஒன்றை ஒன்று தொடாமல். பறவை என்று சொன்னால்தான் தெரியும். சுருண்ட அலகும் முக்கோண உடம்புமாக அத்தனை சுருங்கிய வடிவம். 1937-இல் ஆய்வாளர் ஹாரி மெரா இந்த ஒரு பறவையைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார்.

"எதைப் பார்த்து வரையறீங்கம்மா?" என்று கேட்டேன்.

"பார்த்து வரைஞ்சா கை நடுங்கும். நேத்தே முடிவாயிடுச்சு. இன்னிக்கு அதை எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான்."

"உங்க அம்மா கத்துக்கொடுத்ததா?"

"அம்மா வெள்ளி வேலை செஞ்சாங்க. எனக்குப் பானை வந்தது பள்ளிக்கூடத்துல."

அக்டோபர் 13, ஞாயிறு. ஸூனி

நேற்று அந்த அம்மா சொன்ன பள்ளிக்கூடம் ஸூனி உயர்நிலைப் பள்ளி. பானைத்தொழில் ஸூனியில் மறுபடி தழைத்ததற்கு அந்தப் பள்ளியின் வகுப்பு பெரிய காரணம்.

அங்கே கற்பித்தவர்களில் ஒருவர் டெய்சி ஹூயி. ஹோப்பி நாட்டின் புகழ்பெற்ற குயவர் நம்பேயோவின் பேத்தி. பாட்டியிடம் பானை கற்று, பாரிஸில் சிற்பக்கலை படித்து, ஸூனிக்காரரை மணந்து இங்கே வந்தவர். இன்னொருவர் ஜெனி லாட்டே. ஆக்கோமாவில் பிறந்து ஸூனிக்கு வாழ்க்கைப்பட்டவர். 1970, 80-களில் படித்த பிள்ளைகள் பலருக்கு அவர்தான் குரு. இருவருமே ஸூனியில் பிறந்தவர்கள் இல்லை. ஸூனியின் வடிவங்களைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்தவர்களில் வெளியூரிலிருந்து வந்த இந்த மருமகள்களும் உண்டு. அதைப் பெரிய மனத்தோடு ஏற்றுக்கொண்டது ஊர். மரபை யார் தொடலாம் என்று சண்டை போடுகிற இடங்களில் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

வீட்டிலும் தொழில் எழுந்தது. ஜோசஃபின் நஹோஹை தானும் செய்து, பிள்ளைகளையும் பானைக்காரர்களாக வளர்த்தார். அந்தக் குடும்பம் வாஷிங்டன் போய், ஒரு நூற்றாண்டுக்கு முன் ஊரை விட்டுப் போன பானைகளை ஸ்மித்சோனியனில் நேரில் பார்த்து, வடிவங்களை ஊருக்குக் கொண்டுவந்தது. அங்கே பெட்டிகளில் இருந்த பானைகளுக்கு அதன்பிறகுதான் ஸூனியில் பேரப்பிள்ளைகள் கிடைத்தார்கள். அந்தக் குடும்பத்தின் மில்ஃபோர்ட் நஹோஹை 1995-இல் எலிசா ஃபெல்ப்ஸோடு சேர்ந்து ஸூனி குயவர்களின் பேச்சையே ஒரு நூலாக்கினார்.

காலையில் அந்த அம்மாவிடம் விடைபெறப் போனபோது, அலமாரியில் படிவிளிம்புக் கிண்ணம் ஒன்று இருந்தது. மக்காச்சோள மாவை வைத்துப் பிரார்த்திக்கும் கிண்ணத்தின் வடிவம். இது விற்பனைக்காகச் செய்தது. விளிம்பு நான்கு பக்கமும் படிப்படியாக ஏறி இறங்குகிறது. மேகங்கள் அப்படித்தான் அடுக்கடுக்காக எழும். உள்ளே தலைப்பிரட்டைகள், வெளியே தவளைகளும் தட்டான்களும். தலைப்பிரட்டை இளவேனில் குட்டைகளுக்கு உரியது, தட்டான் கோடை மழைக்கு, தவளை அதற்குப் பிந்திய மழைக்கு என்று குஷிங் எழுதிவைத்திருக்கிறார். வருஷத்தின் மழை முழுவதும் ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு 300 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெய்யும் ஊரில் இதை அலங்காரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மழையைக் கேட்டு வரைந்தது இது.

கொம்பு வைத்த நாகமான கோலோவிசி வரைந்த கிண்ணங்களைப் பற்றியும் கேட்க நினைத்தேன். "சில விஷயம் வெளியில பேசறதில்ல" என்றார். நான் அதோடு விட்டுவிட்டேன். சொல்லாமல் இருக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

அக்டோபர் 16, புதன். ஆல்புகெர்க்கி

சூளையைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. பழைய முறையில் சூளை என்று கட்டடம் எதுவும் இல்லை. காற்றில்லாத காலையில் தரையில் பானைகளை அடுக்கி, உடைந்த ஓடுகளால் மறைத்து, காய்ந்த ஆட்டுச்சாண வறட்டிகளைச் சுற்றிலும் மேலும் அடுக்கிக் கொளுத்துவார்கள். வறட்டி நேராகப் பானையில் சாய்ந்தால் அந்த இடம் கறுத்துப்போகும். காற்று எழுந்தால் ஒரு பக்கம் சூடேறி விரிசல் விழும். இப்போது பலர் மின்சூளை பயன்படுத்துகிறார்கள். அந்த அம்மாவும் இரண்டும் செய்கிறார். எது எதில் சுட்டது என்று வாங்க வருகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவாராம்.

இன்று கடைத்தெருவில் ஒரு காப்பிக் குவளையில் அந்த மானைப் பார்த்தேன். வாயிலிருந்து நெஞ்சுக்குச் சிவப்பு அம்பு, அச்சடித்தது. எந்த ஊர், யார் வரைந்தது என்று ஒரு சொல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பெயர் எழுதாமல் வாங்கிப் போனது போதாதென்று இன்று கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள். பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்தது என்று விற்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தனிநபருக்கு முதல் முறையே 2,50,000 டாலர் வரை அபராதமும் ஐந்து வருஷம் வரை சிறையும் உண்டு. ஆனால் வடிவத்தை மட்டும் உருவி எங்கோ அச்சடிப்பவரை அந்தச் சட்டத்தால் எளிதில் பிடிக்க முடிவதில்லை. அங்கே வாங்குகிறவரின் மனசாட்சிதான் வேலை செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர் கிராண்ட் கேன்யன் பார்க்க ஐ-40-இல் காலப் வழியாகத்தான் போகிறீர்கள். அங்கிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஸூனி. ஒரு நாள் ஒதுக்குங்கள். பார்வையாளர் மையத்தில் அனுமதி வாங்குங்கள், கேமராவைப் பையிலேயே வையுங்கள், சொல்லாததைக் கேட்காதீர்கள். பானை வாங்கினால் செய்தவரிடமே வாங்குங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். அடியில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் அதைப் பார்த்து யாராவது கேட்டால், 'ஸூனி பானை' என்பதோடு நிறுத்தாமல், செய்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.